எழுபது ஒருதரம்

அதிகாலை நாலரைக்குக் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில்
கூடைக்கு முன்னால் நின்று
சந்தானலட்சுமி விலை கூவினால்
பாண்டிச்சேரி வண்டிக்காரன்கூட
காதிலிருந்து போனை இறக்கிவிடுவான்.

இப்போது அவளிடம் எண்கள் மட்டும் இருக்கின்றன.
பக்கவாதம் வந்த இரவு
என் பெயரை எடுத்துக்கொண்டது, மகன் பெயரை,
உப்பு, தண்ணி, வலி, வா, போ, எல்லாவற்றையும்.
நூறு, நூத்தம்பது, எரநூறு
இவற்றை ஏனோ கரையிலேயே போட்டுவிட்டுப் போனது.
தாகமென்றால் நாப்பது என்கிறாள்.
மூத்திரம் முட்டினால் முந்நூறு.
கற்றுக்கொண்டேன்.

விசைப்படகில் இருபத்திரண்டு வருஷம் டிரைவர் நான்.
முறைவைத்து விழித்திருக்கத் தெரியும்.
ரெண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் போடுங்க,
இல்லைன்னா முதுகு புண்ணாயிடும் என்றாள் நர்ஸ்.
ஒன்பதுக்கு இடப்பக்கம், பதினொன்றுக்கு வலப்பக்கம்,
ஒரு மணிக்கு மல்லாக்க.
மூணு மணிக்கு
மற்றவர்களின் படகுகள் கிளம்பும் சத்தம்.
அப்போது மட்டும் நாங்கள் ஒருவர் முகத்தை
ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை.

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டால்
கவர்மெண்ட் மாசாமாசம் பணம் தருதாம்
என்றது ரேஷன் கடை வரிசை.
ஆதாரில் சந்தானலட்சுமி, ரேஷன் கார்டில் சந்தானம்.
இது ஆம்பளை பேராச்சே என்றார் கிளார்க்.
அதைத் திருத்தவே ஐப்பசி போனது, மழையோடு.
பிறகு மஞ்சக்குப்பம், கலெக்டர் ஆபீஸ், திங்கட்கிழமை,
டோக்கன் நூத்திப் பதினாலு.
ஆளை நேரில் கூட்டிவரணும்.
எழுந்து வர முடிந்தால் மனு எதுக்கு சார்?
நாக்கு நுனிவரை வந்தது.
அவளுக்கில்லாத வார்த்தை எனக்கு மட்டும் எதற்கென்று
விழுங்கிவிட்டேன்.

ஜெகபர் பாய் ஐஸ் பெட்டிகளை இறக்கிவிட்டு
மீன் வண்டியிலேயே மெத்தை விரித்துக் கொடுத்தார்.
சோப்புத்தூள் போட்டுக் கழுவியும் நாற்றம் போகவில்லை.
அவள் மூக்கை விரித்து இழுத்து இழுத்து மூச்சுவிட்டாள்,
ரோஜாத் தோட்டத்துக்குள் போகிறவள் மாதிரி.

முகாமில் சின்ன வயசு டாக்டர்.
முட்டியைத் தட்டினார், விரலைக் கிள்ளினார்,
அறுபது போடலாம் என்றார்.
அறுபதுக்குத் தொகை வராது சார்,
எழுபத்தஞ்சு வேணும் என்று
பக்கத்திலிருந்தவர் காதோடு சொன்னார்.

அறுபத்தஞ்சு.

ஸ்ட்ரெச்சரிலிருந்து வந்தது.
அந்த எண்ணை அவள் வீட்டில் சொன்னதே இல்லை,
அதற்கு என்ன தரவேண்டுமென்று எனக்குத் தெரியாது.
எழுபது, என்றாள்.
இடக்கையின் ஆள்காட்டி விரல் நிமிர்ந்திருந்தது.
எழுபது ஒருதரம்.
வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.
டாக்டர் பேனாவை வைத்துவிட்டு
அவள் வலக்கையை இன்னொருதரம் தூக்கிப் பார்த்தார்.
விட்டார்.
விழுந்தது.

என்ன எழுதினார் என்று அங்கே நான் பார்க்கவில்லை.
என் முன்னால் இன்னொரு தாள் இருந்தது:
பராமரிப்பவர் பெயர். உறவு. தொழில்.
டிரைவர் என்று எழுதி அடித்தேன்.
மறுபடி டிரைவர் என்றே எழுதினேன்.

பாஸ்புக்கில் இன்னும் ஒன்றும் ஏறவில்லை.
மேசையிலிருந்து மேசைக்குப் போய்க்கொண்டிருக்கிறதாம்.
ஆனால் செவ்வாய்தோறும் பாலம் தாண்டி
ஸ்கூட்டியில் ஒரு பெண் வருகிறாள்,
பிரஷர் பார்க்கிற கருவியோடு, பேர் நிலவழகி.
தோளை எப்படிப் பிடிப்பது,
மடங்கிய விரலை எப்படி நோகாமல் பிரிப்பது,
என் கைமேல் தன் கைவைத்துச் சொல்லித்தருகிறாள்.

பத்துதரம் மடக்கி நீட்டணும்மா, என்கூட எண்ணுங்க,
ஒண்ணு, ரெண்டு என்கிறாள்.
சந்தானலட்சுமி உதட்டைச் சுழிக்கிறாள்.
நூறு, என்கிறாள்.
ஒன்றிலிருந்து ஏலம் தொடங்கி
அவளுக்குப் பழக்கமில்லை.